இராயப்பரின் மாமியார்

"அடுத்த வாரம் என்னா வரும்?" என்று மதலேன் அம்மாள் கேட்டபோது, அந்துவான் வாய்க்குக் கொண்டுபோன வஞ்சிர மீன் துண்டு தட்டிலேயே திரும்ப விழுந்தது.

கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது, கோவிலில் வாங்கிய வாரமடலை நாலாக மடித்துத் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்துவிட்டு, மருமகனை நேராகப் பார்த்து மாமியார் கேட்ட கேள்வி அது.

"இன்னும் எழுதல அத்தை."

மதலேன் அம்மாள் "ம்" என்றார்.

அந்துவான் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மூன்று வாரமாக, அவர்கள் கோவிலில் பங்கு மக்களுக்காக அச்சடிக்கும் வாரமடலில் 'கப்பர்நாகூம் வீடு' என்று ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தான். பைபிளில் பேதுரு என்று வருகிறவரைப் புதுச்சேரியின் பழைய கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். வலையைப் போட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போன அந்த மீன்காரருக்கு ஒரு மாமியார் இருந்தார். அவருக்குக் காய்ச்சல் வந்தது. இயேசு கையைப் பிடித்துத் தூக்கியதும் காய்ச்சல் போயிற்று. எழுந்து வந்து எல்லோருக்கும் வேண்டியதைச் செய்தார். வேதத்தில் இருப்பது அவ்வளவுதான். மருமகன் தொழிலை விட்டுவிட்டு வந்து நின்ற அன்று அந்த அம்மாள் என்ன சொன்னார், வீட்டில் என்ன குழம்பு, ஒரு விவரமும் கிடையாது. அந்தச் சந்துக்குள்தான் அந்துவான் புகுந்தான்.

அவன் புகுந்ததும் பங்கே பின்னால் வந்துவிட்டது. அதுவரை வாரமடல் என்பது பிரசங்கத்தின்போது விசிறிக்கொள்ளும் தாள். இப்போது பூசைக்கு அரைமணி முன்னதாகவே வந்து வாங்கிக்கொண்டார்கள். இயேசு பாடுபட்டதும் உயிர்த்ததும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இராயப்பர் வீட்டு அடுப்படிக்குள் அவர்களை யாரும் கூட்டிக்கொண்டு போனதில்லை. போய்ப் பார்த்தால், அங்கே நம் வீட்டு ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள்.

வில்லங்கம் அதில்தான் இருந்தது. அந்துவானுக்குப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்த மாமியார் ஒருவர்தான். அதனால் கதையில் மருமகன் வெறும் வலையோடு திரும்பினால் மாமியார், "கடல்ல தண்ணியாவது இருந்துச்சா?" என்று கேட்டாள். சேற்றுக் காலோடு வந்த சீடர்கள் நாலு பேரையும் வாசலில் வரிசையாக நிறுத்தி, கால் கழுவினால்தான் உள்ளே விடுவேன் என்றாள். எல்லாம் பதினோரு வருஷமாக அவனே கேட்டு வாங்கிய வசனங்கள்.

அன்று காலை பூசை முடிந்ததும் ஆர்மோனியம் வாசிக்கும் கலைச்செல்வன் தோளில் தட்டி, "மாமியார அப்படியே எறக்கி வச்சிருக்கீங்களே, வீட்ல சோறு போடறாங்களா?" என்று கேட்டான். அந்துவான் திரும்பிப் பார்த்தான். வேப்பமரத்தடியில் மதலேன் அம்மாளைச் சுற்றி ஆறேழு பெண்கள். கையில் வாரமடல். எல்லோரும் சிரித்தார்கள், மதலேன் அம்மாளைத் தவிர. அவர் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். இவன் கிட்டே போனதும் சிரிப்பு நின்றது.

மதலேன் அம்மாள் லேசுப்பட்டவர் அல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாவின் மனைவி. வீடு அவருடையது. பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் மகன் பல வருஷமாக அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்துவானின் மனைவி செலின் பக்கத்துக் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். பகல் டியூட்டி, ராத்திரி டியூட்டி என்று மாறி மாறிப் போகிறவள். அந்த வீடு வீடாக இருந்ததே மதலேன் அம்மாளால்தான். இன்னொன்றும் உண்டு. வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்று தெருவில் யாரோ அவனை இளக்காரமாகச் சொன்னபோது, அவர்கள் வாசலுக்கே போய் வாயை அடைத்துவிட்டு வந்தவர் அவர். அந்துவானுக்கு மாமியார்மேல் உண்மையாகவே பாசம் இருந்தது. அதைச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வராது.

சொல்ல வராததை எழுதிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தான்.

நாலாவது வாரம் இராயப்பரின் மாமியார் வாயைத் திறந்ததும் தேன் சொட்டியது. வெறும் வலையோடு வந்த மருமகனிடம், "போனால் போகிறது, முதலில் சாப்பிடு" என்றாள். அன்று மத்தியானம் அந்துவான் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு இல்லை. ரசமும் அப்பளமும் இருந்தன. ரசத்தில் உப்பும் இல்லை.

ஊற்றிய தேன் போதவில்லை என்று புரிந்துகொண்டான். ஐந்தாவது வாரம் தாராளமாக இறங்கினான். நல்ல மாமியார் எப்படி இருப்பாள் என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்து, மனதில் வந்ததையெல்லாம் எழுதினான். அவள் மெல்லிய குரலில் பேசினாள். வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தெருப்பிள்ளைகளுக்கு மடியிலிருந்து உலர்ந்த அத்திப்பழம் எடுத்துக் கொடுத்தாள். கப்பர்நாகூமே அவளைத் தெய்வத்தாய் என்றது.

கடலூரில் தம்பி வீட்டில் இருக்கும் அவன் அம்மா அன்று சாயங்காலமே போன் செய்தார். வாரமடல் வாட்ஸப்பில் அங்கேயும் போயிருந்தது. அந்துவான் வலக்கையில் காப்பி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"அது கெடக்குது கண்ணு. மாமியாருன்னா இப்படித்தான் இருக்கணும். படிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

கூடத்தில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த மதலேன் அம்மாள் முறத்தை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போனார். மறுநாளிலிருந்து மருமகனிடம் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் செலின் வழியாக வந்தது. தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலாட்சியிடம் மட்டும் திங்கட்கிழமைதோறும் வாசலில் அரைமணி பேசினார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அந்துவானுக்கு, இடையிடையே தன் பெயர் மட்டும் கேட்டது.

ஆறாவது வாரம் காய்ச்சல் வரவேண்டிய வாரம். அந்துவான் இரண்டு நாள் லீவு போட்டு எழுதினான். ஆண்டவர் வாயில் சொந்த வசனம் எதுவும் வைக்கக்கூடாது என்பது பங்குச் சாமியாரின் கட்டளை. ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் இராயப்பர் வாயில் வைத்தான். "அம்மா, நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு இந்த வீடே இல்லை. கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள்" என்று இராயப்பர் மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எழுதும்போது அந்துவானும் அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதலேன் அம்மாள் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு லியோனுக்குப் போன் செய்து மாதக் கடைசியில் டிக்கெட் போடச் சொன்னார். பரணிலிருந்து பெரிய பெட்டி இறங்கியது.

"எங்கம்மாவ என்னா பண்ணீங்க?" என்று செலின் கேட்டாள். "கேட்டா அழுவறாங்க. அவங்க போனா நானும் கூட போறேன். திரும்பி வர்றத அப்புறம் பாத்துக்கலாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது என்று இந்த வீட்டில் சொல்ல முடியாது. ஆனால் அதுதான் ஆகியிருந்தது. அந்துவான் பங்குச் சாமியாரிடம் ஓடினான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கதை யாரையும் குறிப்பதல்ல என்று ஒரு வரி போட்டால் முடிந்தது என்றார். ஒரு வரி எப்படிப் போதும்? சந்தேகத்துக்கே இடம் இருக்கக்கூடாது என்று அந்துவான் கட்டம் கட்டிப் போட்டான்: 'இத்தொடரில் வரும் மாமியாருக்கும், ஆசிரியரின் மாமியார் திருமதி மதலேன் அம்மாள் அவர்களுக்கும் எள்ளளவும் தொடர்பு இல்லை.'

பூசை முடிந்து வேப்பமரத்தடியில் யாரும் சிரிக்கவில்லை. மதலேன் அம்மாள் யாருக்கும் நிற்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். அந்துவான் போய்ச் சேர்ந்தபோது லியோனிடம் பேசிக்கொண்டிருந்தார். மாதக் கடைசி வேண்டாமாம். புதன்கிழமையே கிளம்ப வேண்டுமாம்.

திங்கள் காலை செலின் தன் துணிகளையும் கட்டிலின்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அஞ்சலாட்சியின் குரல் கேட்டது. மதலேன் அம்மாள் அறையை விட்டு வரவில்லை. அந்துவானே போனான்.

அஞ்சலாட்சி கூடையை இறக்கி வைத்துவிட்டு, மதாம் எங்கே என்று கேட்டாள். ஊருக்குப் போகிறார் என்றான். கூடைமேல் கிடந்த துணியை எடுக்கப் போன அவள் கை நின்றது.

"பிரான்சுக்கா? அப்ப சொன்னமாரியே செய்றாங்களா?"

அந்துவானுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கதையில் அவரைக் கிண்டல் செய்துவிட்டதாக நினைத்து அவருக்குக் கோபம், நாலு வாரமாக நல்லவிதமாகவே மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன், அது அவர் இல்லை என்று அச்சடித்தும் கொடுத்துவிட்டேன், இன்னும் என்னதான் செய்வது என்று மீன்காரியிடம் போய்ப் புலம்பினான்.

அஞ்சலாட்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொத மூணு வாரம், இராயப்பரு வூட்டு மாமியா நாந்தான்னு தெருவெல்லாம் சொல்லிப் பெருமப்பட்டுக்கினு இருந்தாங்க தம்பி, அப்புறம் நீங்க அவங்கள அந்த வூட்ட வுட்டு வெளிய தள்ளிட்டு, உங்கம்மாவ கொண்டாந்து குடி வச்சிட்டீங்களாமே."