மாமியாரைத் தேடச் சொன்னவன்

பிரமிடில் ஏறும்போது மாமியார் இருந்தார். இறங்கி வந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

எவரார்தோ மறுபடியும் தலைகளை எண்ணினான். கூட்டிக்கொண்டு வந்த சுற்றுலாப் பயணிகள் அத்தனை பேரும் வியர்த்து வழிந்தபடி சரியாக நின்றார்கள். சொந்த மாமியார் மட்டும் மிஸ்ஸிங். அவருடைய கைப்பை இவன் தோளில் தொங்கியது. அவருடைய செல்போன் அந்தக் கைப்பைக்குள் சமர்த்தாக இருந்தது.

"யாரும் பயப்படாதீங்க. எல்லாம் என் கன்ட்ரோல்ல இருக்கு" என்றான் எவரார்தோ.

யாரும் பயப்படவில்லை. குவாதலஹாராவிலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் மட்டும், "சாப்பாடு எப்போ?" என்று கேட்டார்.

எவரார்தோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தலைநகர்க்காரன். எங்கள் யுகதானுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கைடு பரீட்சை எழுதி, முதலாவதாகத் தேறி, எங்கள் மாயா ராஜாக்களின் பெயர்களை எங்களுக்கே திருத்திச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். தலைநகர்க்காரர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. ஆனாலும் இந்தப் பையன்மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. எங்கள் ஊர் இசமாலின் மஞ்சள் வீடுகளை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டும்போது, எல்லாவற்றுக்கும் தானே வெள்ளையடித்து மஞ்சள் பூசியது மாதிரி முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவனிடம் இருந்த குறை ஒன்றுதான். வாய் இருந்த அளவுக்குக் காது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வாழ்வா சாவா என்கிற நாள். மனைவி பவுலினா கறாராகச் சொல்லியிருந்தாள்: "அப்பா போனதுலேருந்து அம்மா தலைநகர்ல ஒண்டியாக் கெடக்காங்க. இந்த ஊர் அவங்களுக்குப் பிடிச்சா, எல்லாரும் இங்கயே இருப்போம். பிடிக்கலைன்னா மூட்டையக் கட்டு. நீ எங்கண்ணன் கடையில டயர் விக்கப் போ."

"ஒரே ஒரு நாள் என்கூட டூர் வரட்டும்" என்றான் எவரார்தோ. "சாயங்காலம் அவங்களே வீடு பாக்கச் சொல்லுவாங்க."

அந்த ஒரு நாளில்தான் மாமியார் தொலைந்துபோனார். அவர் பெயர் சொகோரோ; மரியாதையாகச் சொன்னால் டோனியா சொகோரோ. வில்லங்கமே அந்தப் பெயரில்தான் ஆரம்பித்தது.

எவரார்தோ பிரமிடில் பாதி தூரம் திரும்ப ஏறினான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, "சொகோரோ! சொகோரோ!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

நாங்கள் பேசுகிற ஸ்பானிஷில் அதற்கு 'காப்பாத்துங்க' என்று அர்த்தம். எதிர்வீட்டில் கயிற்றுத் தூளியில் படுத்திருந்த இரண்டு பேர் எழுந்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் வந்தது.

"யாருக்கு அடி?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் ஏணிக்காரர்.

"யாருக்கும் இல்லையே. எங்க அத்தையக் கூப்பிட்டேன்."

"அத்தையக் கூப்பிட எதுக்குய்யா காப்பாத்து காப்பாத்துன்னு அலர்றே?"

"அவங்க பேரே அதுதான்!"

ஏணிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மாமியாருக்குப் பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஏணியோடு திரும்பிப் போனார்.

இது சரிப்படாது என்று எவரார்தோ வேன் டிரைவருக்குப் போன் போட்டான். டிரைவர் நசாரியோ எங்கள் பக்கத்து ஆள். பல வருஷமாகக் கைடுகளுக்கு வண்டி ஓட்டுகிறவர். சொன்னதைச் செய்வார், ஏன் எதற்கென்று கேட்கமாட்டார். ஏன் என்று கேட்டால் கைடு ஆதிகாலத்திலிருந்து சரித்திரம் சொல்லத் தொடங்கிவிடுவான் என்பது அவர் பட்ட பாடு.

"நசாரியோ, எங்க அத்தையக் காணோம். உடனே தேடுங்க!"

"சரி சார்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன் போட்டான்.

"தேடினீங்களா?"

"தேடிட்டேன் சார். மார்க்கெட்டுல, தேங்காய் ஐஸ் கடை வாசல்ல."

"ஐஸ் கடையோட நிறுத்திட்டா எப்படி? பத்தாது. இன்னும் தேடுங்க!"

"இன்னுமா சார்? யாரை?"

"யாரையா? என்ன கேள்வி இது! வெள்ளை முடி, கொஞ்சம் பருமன், கையில விசிறி, ஓயாத வாய். இந்த அடையாளம் போதுமா? நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் தேடிக்கிட்டே இருக்கணும், ஆமா!"

"அப்படிங்களா சார்? சரி சார்" என்றார் நசாரியோ.

பிரமிடுக்குக் கீழே தெருவோரம் ஒரு குதிரை வண்டி நின்றிருந்தது. குதிரைக்குப் பூ வைத்த வைக்கோல் தொப்பி. எவரார்தோ வண்டிக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். "அண்ணே, நாலு தெருவும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. தேடிப் பாருங்க."

வண்டிக்காரர் நல்ல மனுஷர். குதிரையை விரட்டிக்கொண்டு போனார், வந்தார். கீழே இறங்கி உதட்டைப் பிதுக்கினார்.

"தேடினேன், தேடினேன்… தேடவே இல்ல தம்பி."

"என்னது?"

"நல்லாத் தேடினேன். ஆனா தேடல."

"அண்ணே, ஒண்ணு தேடினேன்னு சொல்லுங்க, இல்ல தேடலைன்னு சொல்லுங்க!"

"அதத்தானே சொல்றேன்! தேடினேன். தேடல."

எவரார்தோ நெற்றியில் அடித்துக்கொண்டான். "வெயில் இந்த ஊர் மொத்தத்துக்கும் மண்டையில ஏறிடுச்சு" என்று முணுமுணுத்தான். வண்டிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்களுக்குத் தொப்பி இருக்கு. குதிரைக்குக்கூட இருக்கு. உனக்குத்தான் இல்ல" என்றார்.

இதற்குள் பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவர்களைச் சும்மா நிற்கவைக்க முடியுமா? எவரார்தோ எல்லாரையும் பாதிரியார்களின் பழைய மடமான கான்வென்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனான். "இங்க இருந்த மாயா கோயில இடிச்சு, அந்தக் கல்லை வச்சே பாதிரியாருங்க இதக் கட்டினாங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தான்.

"தூணுக்குப் பின்னால என்ன விசேஷம்?" என்றார் வாத்தியார்.

"கேட்டீங்க பாருங்க, இது கேள்வி! இந்தத் தூணையெல்லாம் பின்பக்கமாத்தான் பாக்கணும். அப்பதான் முழு அழகும் தெரியும்."

அவன் சொன்ன விதத்தில் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் தூண் தூணாக ஓடிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் போட்டோகூட எடுத்தார்கள். கண்ணாமூச்சி ஆடுகிறார்கள் என்று நினைத்துக் காவல்காரர் வந்து எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

வாசலில் நின்று நசாரியோவுக்குப் போன் போட்டான்.

"என்ன ஆச்சு?"

"தேடிட்டேன் சார். சர்ச்சு வாசல்ல, அப்புறம் பஸ் ஸ்டாண்டுல…"

"கணக்கு ஒப்பிக்காதீங்க! தேடுங்க!"

"சார், இடம் பத்தல சார்."

"ஊர்ல இன்னும் எத்தனை தெரு பாக்கி இருக்கு, இடம் பத்தலையாம்! வேலை செய்ய மனசில்லைன்னு சொல்லுங்க!" போனை வைத்துவிட்டான்.

கடைசியில் அவன் கண்ணில் பட்டது எங்கள் ஊர் மைக் வண்டி. மூன்று சக்கர சைக்கிள். முன்னால் பெட்டி, மேலே ஒலிபெருக்கிக் குழாய். நடனக் கச்சேரி, ஆரஞ்சு விலை, ஊரில் நடக்கும் சாவு எல்லாமே எங்களுக்கு அதில்தான் தெரியும். எவரார்தோ குறுக்கே போய் நிறுத்தினான்.

"ஐயா, ஒரு அவசர அறிவிப்பு. எங்க அத்தை டோனியா சொகோரோ எங்கள விட்டுப் போயிட்டாங்க."

மைக்காரர் தொப்பியைக் கழற்றினார். "எப்ப தம்பி?"

"இப்பதான். பிரமிடுல எங்கூடத்தான் இருந்தாங்க. திரும்பிப் பாத்தா இல்ல."

"அடப்பாவமே. ஏறுறப்பவேயா! வயசு?"

"அறுபத்தஞ்சு."

"நல்ல சாவு… சரி தம்பி, நீ தைரியமா இரு. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

'நல்ல சாவு' என்றது நம்ம ஆள் காதில் விழுந்ததா? இல்லை. அவன் அதற்குள் பயணிகள் பக்கம் திரும்பி, "எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மைக் வண்டி சோகப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியது. தலைநகரிலிருந்து நம் பிரமிடைப் பார்க்க வந்த டோனியா சொகோரோ அதன்மேலேயே மண்ணுலக வாழ்வை நீத்தார் என்றும், மருமகன் சதுக்கத்தில் தன்னந்தனியாக நிற்கிறான் என்றும் கரகரத்த குரலில் அறிவித்தது. எவரார்தோ என்னவென்று உணர்வதற்குள் சதுக்கம் நிரம்பிவிட்டது. யாரோ நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்தார்கள். யாரோ தோளில் கைவைத்து அழுதார்கள். ஏணிக்காரர் வந்து, "ஒன்னைக் கிண்டல் பண்ணிட்டேன், மன்னிச்சிடுப்பா. நீ நிஜமாத்தான் காப்பாத்துன்னு கத்தியிருக்கே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இனிப்பு ரொட்டியும் சூடான சாக்லேட்டும் தட்டுத் தட்டாக வந்தன.

"டூர்ல சாப்பாடு அடக்கமா? பிரமாதம்!" என்றார் வாத்தியார், மூன்றாவது ரொட்டியைக் கடித்தபடி.

"இல்லீங்க, அவங்க சாகல, தொலைஞ்சுதான் போயிட்டாங்க!" என்று எவரார்தோ மன்றாடினான்.

"ஆமாம்ப்பா, முதல்ல மனசு ஏத்துக்காது" என்று எல்லாரும் இன்னும் அதிகமாக அழுதார்கள்.

செல்போன் அடித்தது. பவுலினா. அவளுக்குத் துணி தைக்கிற பெண் இசமால்காரி. மைக் வண்டியைக் கேட்டுவிட்டு அவர்கள் குடியிருக்கும் மெரிடாவுக்குப் போன் பண்ணித் துக்கம் விசாரித்திருக்கிறாள்.

"எங்கம்மாவ என்ன பண்ணினே? ஒரு நாள், ஒரே ஒரு நாள்தானே ஒன்னை நம்பி அனுப்பினேன்! நான் டாக்சில வந்துகிட்டிருக்கேன். நீ அங்கயே இரு!"

எவரார்தோ நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். டயர் நாற்றம் மூக்கில் அடித்தது. இந்த மஞ்சள் தெருக்களை விட்டுப் போகவேண்டுமே என்று நினைத்தான். அதைவிட, நிஜமாகவே அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? காலையில் வேனில் ஏறும்போது, "நான் உங்களுக்கு இடைஞ்சலா இல்லியே மாப்ளே?" என்று கேட்டாரே. அதற்கு இவன் பதில்கூடச் சொல்லாமல் பயணிகளுக்கு மைக்கில் வணக்கம் சொல்லப் போய்விட்டானே. எவரார்தோவுக்கு அழுகை வந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அப்போதுதான் திருப்தியாக இருந்தது.

டாக்சி வந்து நின்றது. பவுலினா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"எங்கம்மா எங்கே?"

எவரார்தோ தோளில் தொங்கிய மாமியாரின் கைப்பையைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

அந்த நேரம் பார்த்து வேன் சதுக்கத்துக்குள் வந்தது. உள்ளே ஒரே சிரிப்பும் கூச்சலும். கதவு திறந்தது. டோனியா சொகோரோ ஒரு கையில் விசிறியும் மறு கையில் தேங்காய் ஐஸுமாக இறங்கினார்.

"அம்மா!" பவுலினா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"ஏண்டி அழறே? ஓ, மைக்குல சொன்னாங்களே, அந்தத் துக்கமா? பாவம், யாரோ என் பேருக்காரி. நாங்க எல்லாருமா அவளுக்காக வண்டியிலயே ஒரு ஜெபம் பண்ணிட்டோம்."

டோனியா சொகோரோவுக்குப் பின்னால் வேனிலிருந்து இன்னொரு அம்மாள் இறங்கினார். வெள்ளை முடி, பருமன், விசிறி. அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். மொத்தம் நான்கு பேர் இறங்கினார்கள். நான்கு பேரும் இறங்கும்போதே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன் புருஷன என்னமோன்னு நெனச்சேன் பவுலினா, தங்கம்டி அவரு!" என்றார் டோனியா சொகோரோ. அவர் கண் கலங்கிவிட்டது. "உங்கப்பா போனப்புறம் எங்கூட உக்காந்து பேச யாரு இருந்தா சொல்லு. நான் வண்டியில ஒண்டியா இருக்கேன்னு, எனக்குத் துணைக்கு ஒவ்வொருத்தரா அனுப்பிக்கிட்டே இருந்தாரு! வியாழக்கிழமை இவங்க வீட்டுல தம்போலா ஆடறோம். நான் எங்கயும் போறதா இல்ல. நீங்க இங்க வீடு பாருங்க."

பவுலினா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவன் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை. மெல்ல எழுந்து, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு வேனின் மறுபக்கம் போனான். நசாரியோவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"யாருய்யா இவங்கல்லாம்? நான் தேடச் சொன்னது ஒருத்தரத்தானே? அவங்க கிடைச்சதும் ஏன்யா சொல்லல?"

நசாரியோவுக்கு மனசு புண்பட்டுவிட்டது. "மொத போன்லயே தேடிட்டேன்னு சொன்னேனே சார், இந்த ஊர்ல தேடறதுன்னா கண்டுபிடிக்கிறது; ஆள் கிடைச்சாத்தானே தேடிட்டேன்னு சொல்லுவோம்? நீங்கதான் பத்தாது, இன்னும் தேடு, இன்னும் தேடுன்னு அடையாளத்தோட ஆர்டர் போட்டீங்க; இதுக்கும் மேல மாமியாருங்க வேணும்னா பெரிய பஸ்ஸா அனுப்பச் சொல்லுங்க!"