எனக்கு வந்த பொன்னாடைகள், என் வீட்டுக்காரர் தோளில்

கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக் வரைக்கும் தேடினாலும், எதுவுமே தெரியாமல் தலைமை தாங்கத் தெரிந்த மனிதர் எங்கள் சங்கத் தலைவரைப் போல இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிடைத்திருந்தாலும், இவர் அவருக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பி வைத்திருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. "பொன்னாடை வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் காரின் பின்பெட்டியில் மாற்று டயர் இருக்க வேண்டிய இடத்தில் பொன்னாடைகள் அடுக்கியிருக்கும். ஏர்கோன் பழுது பார்க்க வந்தவருக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று, தஞ்சோங் காராங்கிலிருந்து அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கிய மலாய்க்காரப் பெரியவருக்கு ஒன்று. ஒருநாள் டயர் வெடித்து நடுரோட்டில் நின்றபோது உதவிக்கு ஓடிவந்த மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஒன்று போர்த்தினார். மாற்று டயர் இல்லாததால் அந்த மனிதரால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. பொன்னாடையோடு போய்விட்டார்.

பெண்களுக்கு மட்டும் போர்த்த மாட்டார். "ஆம்பள கை பொம்பள தோள்ல படக்கூடாது" என்பது அவர் கொள்கை. அதற்காகப் பெண்களைக் கௌரவிக்காமல் விட்டுவிடுவாரா? பெயரைச் சொல்லி அழைத்து, கணவரை மேடையேற்றிப் போர்த்திவிடுவார். ஏழு வருஷத்தில் என் சேவையைப் பாராட்டி ஐந்து பொன்னாடைகள் வந்தன. ஐந்தும் என் வீட்டுக்காரர் தோளில். அவர் செம்பனை லோரி ஓட்டுகிறவர். சங்கம் நடத்தும் மாலை வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது.

"எனக்கு எதுக்குடி போர்த்துறாங்க?" என்று முதல் முறை பயந்துபோய்க் கேட்டார்.

"நீங்க ரொம்ப நல்லா பாடம் நடத்துறீங்களாம்" என்றேன்.

கல்யாணமாகாத ஒரு டீச்சரின் முறை வந்தபோது தலைவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு அந்த டீச்சரை இறக்கிவிட வந்த வாடகைக் கார் ஓட்டுநரைக் கூப்பிட்டு அவருக்குப் போர்த்தினார்.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். புக்கிட் ரோத்தானில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேலே உள்ள ஒற்றை மாடி. தோட்டங்களிலிருந்தும் கம்பத்துக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை வேனில் கூட்டிவந்து மாலை வகுப்பு நடத்துவோம். டீச்சர் தேடுவது, அட்டவணை போடுவது, வேன்காரரிடம் கெஞ்சுவது, வராத பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போடுவது எல்லாம் நான். என் பதவியின் பெயர் 'உதவியாளர்'. யாருக்கு உதவி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

நிர்வாகக் குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். பெண்களுக்கென்று மகளிர் பிரிவு இருந்தது. அதன் தலைவி, தலைவரின் மனைவி. மகளிர் பிரிவுக்கு ஓட்டுக் கிடையாது, அடுப்பு உண்டு. குழுக் கூட்டம் நடக்கும்போது நான் மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு, எங்கள் பேச்சில் மினிட், எழுதுவேன். வேன் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை, அந்த வேனில் ஒருநாளும் ஏறாத ஏழு பேர் கை தூக்கி முடிவு செய்வதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நானும் கை தூக்க வேண்டும், அதையும் சேர்த்து எண்ண வேண்டும். கேட்டும் பார்த்தேன்.

"தங்கச்சி, நீ இல்லாட்டி இந்தச் சங்கமே இல்ல" என்றார் தலைவர் உருக்கமாக. "அப்புறம் உனக்கு எதுக்குலா ஓட்டு?"

 அந்த வருஷமும் என் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை கிடைத்தது.

இப்படி இருக்கும்போதுதான் கோலாலம்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வகுப்புக்கு உதவி செய்துவந்த அறக்கட்டளை எழுதியிருந்தது. சங்கத்தில் ஆணும் பெண்ணும் சமமாக நடத்தப்படுகிறார்களா, யாராவது ஒதுக்கப்படுகிறார்களா என்று மதிப்பீடு செய்யப் போகிறார்களாம். ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். பிறகு ஓர் அதிகாரி நேரில் வருவார். குறை இருந்தால் திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் உதவி நின்றுவிடும்.

"நான் எழுதட்டுங்களா, தலைவரே?" என்றேன்.

"வேணாம் தங்கச்சி. இது ஆம்பள பொம்பள விஷயம். ஒரு பொம்பள எழுதினா ஒருபக்கமா போயிடும்."

அதனால் நடுநிலையாக ஓர் ஆம்பளை எழுதினார்.

அனுப்பிய பிறகுதான் அதன் நகல் என் கைக்கு வந்தது. தலைமைப் பொறுப்பில் எத்தனை பெண்கள் என்ற கேள்விக்கு, 'பன்னிரண்டு பேர்' என்று தலைவர் எழுதி ஆண்டுவிழாப் புகைப்படத்தை இணைத்திருந்தார். படத்தில் நடுவில் தலைவர். இரு பக்கமும் பன்னிரண்டு பெண்கள், மாலைத் தட்டை ஏந்தியபடி. கூட்டங்களில் பெண்கள் பேசுகிறார்களா? 'ஆம், எல்லாரையும் சாப்பிட அழைப்பவர்கள் அவர்களே.' நடக்க முடியாதவர்கள் மாடிக்கு வர வசதி உண்டா? 'தூக்கிக்கொண்டு வருவோம்.' பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? 'ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கழிப்பறை. முழுச் சமத்துவம்.'

அந்த ஒரே கழிப்பறையின் சாவி அவர் வீட்டில் இருந்தது என்பதை எழுத மறந்துவிட்டார். வெளியாட்கள் வந்து அசுத்தம் செய்கிறார்கள் என்று பூட்டியது. ஆண்கள் கீழே கடைக்குப் போவார்கள். டீச்சர்கள் வீட்டுக்குப் போகும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

அதிகாரி வரும் நாளன்று தலைவர் சமத்துவத்தைத் தன் கையாலேயே அமைத்தார். பெண்கள் எல்லாரும் முன்வரிசை, கையில் ஆளுக்கொரு காலி ஃபைல். ஆண்கள் பின்வரிசை, முகத்தில் சிரிப்பு. சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் படிகளின் மேல் ஒரு நீளப் பலகையைச் சாய்த்து வைத்தார். துணைத்தலைவர் அதைச் சோதித்துப் பார்க்க ஏறினார். ஏறியதைவிட வேகமாக மாமாக் கடை வாசலுக்குத் திரும்பி வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனவர் அன்றோடு பதவியையும் விட்டுவிட்டார்.

வந்த அதிகாரி நிஷா என்ற இளம்பெண். ஜீன்ஸும் சட்டையும் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தலைவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு மூலைக்குப் போகப் பார்த்தேன். போக முடியவில்லை.

"அங்கிள், மொத்தம் எத்தனை பிள்ளைங்க வராங்க?"

தலைவர் திரும்பினார். "தங்கச்சி, எத்தனை?"

சொன்னேன்.

"எந்தெந்த எஸ்டேட்லேருந்து?"

"தங்கச்சி, எந்தெந்த எஸ்டேட்?"

சொன்னேன். தலைவருக்குக் கழுத்து வலித்திருக்க வேண்டும். நாற்காலியையே என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஃபார்ம் டூ, பதினாலு வயசு வந்ததும் பொம்பளப் பிள்ளைங்க நின்னுடுறாங்கபோல. ஒய், அங்கிள்?"

"ஏன் தங்கச்சி?"

"பெரிய பிள்ளைங்களுக்கு இங்க டாய்லட் இல்ல" என்றேன். "சாவி தலைவர் வீட்ல இருக்கு."

முன்வரிசையில் யாரோ ஃபைலைக் கீழே போட்டார்கள். தலைவரின் கை சாவியைத் தேடித் தானாகச் சட்டைப்பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் சும்மா திரும்பி வந்தது. நிஷா தட்டச்சு செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாத்தையும் அக்காவே சொல்றாங்க. அப்ப நீங்க என்னா செய்றீங்க, அங்கிள்?"

"நான் தலைவர்மா."

"ஓகே. தலைவர் என்னா செய்வாரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஆண்டவன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் என்னா செய்றேன்?"

ஏழு வருஷமாக மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த பதில்கள் எல்லாம் வாய்வரைக்கும் வந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை, நடிப்பு இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"பொன்னாடை போர்த்துவாரு" என்றேன். அவள் அதையும் தட்டச்சு செய்துகொண்டாள்.

அறிக்கை வந்தது. சுருக்கமாகச் சொன்னால், தட்டுத் தூக்குவதைத் தலைமைப் பொறுப்பாக ஏற்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். கழிப்பறையைத் திறக்க வேண்டும். வகுப்பை நடத்தும் பொறுப்பில் ஒரு பெண் இருக்க வேண்டும், அவருக்குக் குழுவில் ஓட்டு வேண்டும். சாவி மறுநாளே வகுப்பறைச் சுவரில் தொங்கியது. ஓட்டுதான் தொண்டையில் சிக்கியது.

துணைத்தலைவரின் காலி இடத்துக்கு ஒரு பெண்ணைப் போட வேண்டும் என்றதும், மீதியிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். ஐந்தும் அவரவர் மனைவியின் பெயர். அதில் ஒரு அம்மாள் மகளோடு சிங்கப்பூரில் இருக்கிறார், தீபாவளிக்கு மட்டும் வருவார். கடைசியில் எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். மகளிர் பிரிவுத் தலைவி அவர் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யார் வரப்போகிறார் என்று நானும் பேனாவை மூடிவிட்டேன்.

தலைவர் எழுந்து பெண்ணின் பெருமையை முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு என்னைய அத்தனை கேள்வி கேட்டுச்சு. ஒண்ணுக்கும் பதில் தெரியல. என் சம்சாரத்தைப் பக்கத்துல உட்கார வச்சா ரெண்டு பேருக்கும் தெரியாது. தங்கச்சியைப் போடுங்க. பதில் பக்கத்துலயே இருக்கும்."

நியாயத்துக்காக அல்ல. என் உழைப்புக்காகவும் அல்ல. அடுத்த முறை யாராவது கேள்வி கேட்டால் நாற்காலியைத் திருப்பாமல் சமாளிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வாக்குரிமை வந்த லட்சணம் இது. வீட்டுக்கு வந்து சொன்னபோது, "இந்தத் தடவையும் நான் மேடையேறணுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

முதல் கூட்டத்திலேயே நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். மகளிர் பிரிவைக் கலைத்துவிட்டு, சங்கத்தில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் நேரடியாக ஓட்டுத் தர வேண்டும். தலைவர் அதிர்ந்துபோனார்.

"அலாமாக்! அந்தப் பதவியைப் புடுங்கினா, வீட்ல சம்சாரத்துக்கு யாரு பதில் சொல்றது? இதுக்கா உன்னைய உள்ள கொண்டாந்தேன்?" என்று கத்தினார். கலாசாரம் என்றார், குடும்பம் என்றார், பலகையில் விழுந்த துணைத்தலைவரின் இடுப்பைக்கூட இழுத்தார். ஓய்ந்த பிறகு, "சரி, ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்.

நான் தூக்கினேன்.  குழுவில் இருந்த இரண்டு இளைஞர்கள் தூக்கினார்கள். அப்புறம், யாரையும் பார்க்காமல், தன் பெரிய மகள் வகுப்பை ஏன் விட்டாள் என்பதை அறிக்கையில் படித்துத் தெரிந்துகொண்ட, குழுவிலிருந்த ஓர் அப்பாவும் தூக்கினார்.

தலைவர் விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. என்னிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. என்னை விட்டுவிட்டால் மூன்றுக்கு மூன்று. அப்போது தலைவர் சொல்வதுதான் முடிவு. விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஏழு வருஷமாக அப்படித்தானே எண்ணிப் பழக்கம். அவர் என்னைப் பார்த்தார். நான் கையை இறக்கவில்லை.

"நாலு" என்றார்.

எதிர்ப்பவர்கள் என்றபோது தன் கையை எல்லாரையும்விட உயரமாகத் தூக்கி, தன்னையும் சேர்த்து எண்ணி, "மூணு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, தலைவர் தோத்துட்டாருன்னு மினிட்ல எழுது. நல்லா பெருசா எழுது. பின்னால வர்றவங்க பார்க்கட்டும்."

துணைத்தலைவியான பிறகும் மினிட் எழுதுவது நான்தான். தீர்மானம் நிறைவேறியது என்பதைப் பெரிதாகவே எழுதினேன். அவர் தோற்றதை மட்டும், சின்ன எழுத்தில்தான் எழுத எனக்கு மனசு வந்தது.