சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த பலூன்

ஸ்வால்பார்ட்,
மார்ச் 14, பகல் 1.30

மதிப்புக்குரிய வளிமண்டலப் பிரிவுத் தலைவர் எய்விண்ட் அவர்களுக்கு, ஆய்வு நிலையத்தின் பலூன் பொறுப்பாளர் தோர்கிரிம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே குளிர் மைனஸ் பத்தொன்பது, காற்று வடமேற்கு, நான் சுகம். அங்கே டிரோம்சோவில் தாங்களும் அக்காவும் சுகமாகவும் இன்னும் கொஞ்சம் கதகதப்பாகவும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் என் அக்காவின் கணவர் என்பதை இதில் எங்கும் பயன்படுத்தப்போவதில்லை. இது அலுவலகக் கடிதம்.

தினமும் பகல் பன்னிரண்டுக்கு இங்கிருந்து ஒரு பலூன் மேலே போவதும், அதன் கயிற்றில் தொங்கும் வெள்ளைக் கருவி வெப்பம், ஈரம், உயரம், தான் இருக்கும் இடம் எல்லாவற்றையும் கீழே சொல்லிக்கொண்டே போவதும் தாங்கள் அறிந்ததே. முப்பத்தொரு வருடமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை. அதில் கடைசிப் பதினொரு வருடம் என் கை. பதிவேட்டில் 'தோல்வி' என்ற சொல்லே கிடையாது. இன்று பகல் வரை கிடையாது.

இன்றும் எல்லாம் முறைப்படிதான் செய்தேன். பாட்டரி உறைந்துவிடாமல் இருக்கக் கருவியைக் கோட்டின் ஓர் உள்பையில் வைத்துக்கொண்டேன். இன்னோர் உள்பையில் அக்கா அனுப்பிய பழுப்பு சீஸ் வைத்த ரொட்டி. ரொட்டியும் உறையக் கூடாது என்பதால் பழைய கருவி ஒன்றின் தெர்மாகோல் கூட்டுக்குள் அதை வைத்துக்கொள்வது என் வழக்கம். போன வருடம் வந்தபோது தாங்களே பாராட்டினீர்கள். காற்று பேயாக அடித்தது, மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி. பதினொரு வருடக் கைக்குக் கண் எதற்கு? கட்டினேன், விட்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பலூன் மேகத்துக்குள் மறையும் வரை நின்று பார்த்தேன். இதில் எங்கே தவறு?

சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, வாசலில் பூட்ஸையும் கோட்டையும் கழற்றிவிட்டு, காப்பி ஊற்றிக்கொண்டு, ரொட்டியை எடுக்கத் திரும்பிப் போனால் பை காலி. அங்கே கோட்டு மாட்டும் இடத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றவர் வண்டி மெக்கானிக் ஆஸ்லாக்.

"என் ரொட்டி எங்கய்யா?"

"அதை எவன் தொடுவான்? உங்க அக்கா சீஸ நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

அக்காவின் சீஸை, அத்தான்! மன்னிக்கவும், தலைவர் அவர்களே.

அதற்குள் கட்டுப்பாட்டு அறையில் திரை பார்க்கும் சிக்ரூன் வெறும் காலுறையோடு ஓடிவந்தாள். வேலைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. தபால் பையை விமானத்துக்கு எடுத்துப்போவதும் அவள்தான். உறைக்கு வெளியே இருப்பதையெல்லாம் படித்துவிடுவாள், அதனால்தான் இதை நன்றாக ஒட்டி அனுப்புகிறேன்.

"தோர்கிரிம், உங்க பலூன் மேலயே போகல. சாப்பாட்டுக் கூடத்துல இருக்கு."

"பலூன் வானத்துல இருக்கு. சாப்பாட்டுக் கூடத்துல இருக்கறது நான்."

"அதத்தான் நானும் சொல்றேன். மொதல்ல முப்பத்தொரு டிகிரி காட்டுச்சு. இப்ப இருபதுக்கு எறங்கிடுச்சு."

"அப்போ உன் மெஷின்தான் கோளாறு."

"சரி, இருக்கட்டும். ஒரு மணி வரைக்கும் கணக்குல சேரும். வாங்க, இன்னொண்ணு விட்டுடலாம்."

இன்னொன்று! விட்ட பலூனை விடவில்லை என்று நானே ஒப்புக்கொள்வதா? நான் அசையவில்லை. காப்பியைக் குடித்தேன். அவள் தனியாகப் போய், அந்தக் காற்றில், 12.56க்கு ஒரு பலூனை விட்டுவிட்டு வந்து பதிவேட்டில் எழுதியிருக்கிறாள்: '12.00, தோர்கிரிம், தோல்வி. 12.56, சிக்ரூன், சரி.' எனக்கு அவமானமாக இருக்கிறது, அத்தான். எழுந்து வெளியே போகவும் பிடிக்காமல் அதே மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே அந்த வரியை அடித்துவிடவும், சிக்ரூனை வேறு நிலையத்துக்கு மாற்றவும், ரொட்டி பற்றி ஆஸ்லாக்கிடம் விளக்கம் கேட்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
தோர்கிரிம்

பின்குறிப்பு: உறையை ஒட்டி அலுவலக எண்ணும் போட்டாகிவிட்டது, இனிக் கிழிக்க விதியில்லை. எனவே உறையின் முதுகில் எழுதுகிறேன். இப்போதுதான் கோட்டை மாட்டினேன். உள்பையில் கருவி இருந்தது. பச்சை விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆக, மேகத்துக்குள் போனது அக்காவின் சீஸ். ஆஸ்லாக் மேல் குற்றமில்லை. உள்ளே இருப்பதில் குளிரையும் காற்றையும் தவிர எதையும் நம்ப வேண்டாம். 'தோல்வி' அப்படியே இருக்கட்டும். அந்த 12.56 மட்டும் இல்லையென்றால் முப்பத்தொரு வருடமும் என் கோட்டுப் பையில் முடிந்திருக்கும். சிக்ரூனை எங்கும் மாற்றிவிடாதீர்கள். இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தபால் பையை எடுத்துக்கொண்டு அவள் மூன்று மணிக்குக் கிளம்புகிறாள். இந்த உறையை எழுத்து தெரியும்படி மேலாக வைத்திருக்கிறேன்.