காற்றடித்துக் காணாமல் போன சேனல்

இந்த வீட்டு டி.வி. இனிமேல் தன் சொற்படிதான் ஓடும் என்று ஜம்புலிங்கம் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அவர் அசடு இல்லை. அடுக்களையில் மனைவி சிவகாமசுந்தரி முழித்துக்கொண்டிருந்தாள்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு கம்பெனியில் அவர் சூளைக்காரர். பொம்மைகளை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் அந்தச் சூளைக்கு அவர்தான் ராஜா. முதலாளியே வந்து நின்றாலும், "இப்பத் தொறக்க முடியாதுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வீட்டில் ரிமோட் கைக்கு வருவது பேட்டரி தீர்ந்துபோனால் மட்டும்தான். புது பேட்டரி போட்டதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அன்றைக்கு அப்படிப் போடும்போதுதான் 'மெனு' பட்டன் கண்ணில் பட்டது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத பட்டன். உள்ளே என்னதான் இருக்கும் என்று அமுக்கினார். ஒரு கதவு திறந்தது. அதற்குள் இன்னொரு கதவு. பிடித்த சேனல்களை வரிசையாக அடுக்கலாமாம். பிடிக்காததைப் பட்டியலிலேயே இல்லாமல் மறைக்கலாமாம். மறைத்ததை யாரும் மீட்காதபடி நாலு இலக்க ரகசிய எண் வைத்துப் பூட்டலாமாம். ஜம்புலிங்கத்துக்குப் புல்லரித்தது. இவ்வளவு அதிகாரத்தையும் பிளாஸ்டிக் உறை போட்டு மூடியல்லவா வைத்திருந்தார்கள்!

அதிகாரம் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. கூட வேலை பார்க்கும் தர்மராஜின் அக்கா மகன், கம்மாபுரத்துப் பையன், டி.வி.யில் காட்டும் கபடிப் போட்டியில் ஆடுகிறான். திங்கட்கிழமை அரையிறுதி. ஜெயித்தால் மறுநாளே இறுதி. தர்மராஜுக்கோ அந்த வாரம் முழுக்க ராத்திரி ஷிப்டு. "நான் தோள்ல தூக்கி வளத்த புள்ளப்பா. எனக்காக நீ பாத்து வந்து சொல்லு" என்று கேட்டபோது அவன் கண் கலங்கிவிட்டது. "ஒரு பாயிண்டு விடாம சொல்றேன்" என்று ஜம்புலிங்கம் கையடித்துச் சத்தியம் செய்துவிட்டார். கபடி எட்டு மணிக்கு. சிவகாமியின் சீரியலும் எட்டு மணிக்கு.

சீரியல் சேனலை மறைத்தார். பூட்டினார். எண்ணாக, பீங்கான் வேகும் சூட்டை வைத்தார். ஆயிரத்து இருநூற்றைம்பது டிகிரி. தொழில் தெரிந்தவனைத் தவிர எவனுக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பு.

திங்கள் எட்டு மணிக்கு வீடு அமளிப்பட்டது.

"என்னாங்க, நம்ம சேனலக் காணோம்?"

"காத்துல டிஷ்ஷு திரும்பியிருக்கும்."

"காத்து ஒரே ஒரு சேனல மட்டுமா தூக்கினு போவும்?"

"ஒவ்வொரு சேனலும் ஒவ்வொரு தெசையில வருது சிவகாமி. இது வடக்கால வர்ற சேனலு."

பக்கத்து வீட்டு சாதிகாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு டி.வி. ரிப்பேருக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. "என்னாண்ணே, காலையில கொடியில போட்ட துணி இன்னும் அசையவே இல்ல. எங்கேருந்து அடிச்சுது காத்து?"

"அது மேல்காத்தும்மா. துணிக்கெல்லாம் தெரியாது."

சிவகாமி சண்டை போடவில்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டாள். "அப்ப, வேற தெசையில அடிச்சா வேற சேனலும் போயிடுமாங்க?"

"போவும் போவும்" என்றார் ஜம்புலிங்கம், கபடியில் கண்ணை வைத்தபடி. கம்மாபுரத்துப் பையன் அணி ஜெயித்தது. அவர் சோபாவிலேயே ஒரு குதி குதித்தார்.

சாப்பாடு போடும்போது சிவகாமி மெல்ல ஆரம்பித்தாள். "சந்தோஷமா இருக்கீங்க. எங்கம்மாவுக்கு ஒரு போன் போடுங்களேன். மாப்ள பேசலியேன்னு வருத்தப்படுறாங்க."

"அந்தப் பேச்சே எடுக்காத."

சேத்தியாத்தோப்பில் மாமியார் வீட்டு விருந்தில் விரால் மீன் குழம்பு வைத்தார்கள். மீன் தலை சகலை இலைக்குப் போய்விட்டது. மூத்த மாப்பிள்ளை ஜம்புலிங்கத்துக்கு வால். பொங்கலுக்கு முன்னால் நடந்தது இது. அன்றிலிருந்து மாமியாரோடு அவர் பேசுவதில்லை. மீன் தலை சின்ன விஷயமா? உறவே அதில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி.

மறுநாள் காலை ஷிப்டு மாறும்போது சூளையில் அரையிறுதியை ஆடியே காட்டினார். தர்மராஜ் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "இன்னைக்கும் பாத்துடுப்பா. அக்காவே ரெண்டு நாளா சாப்புடல."

செவ்வாய் எட்டு மணி. ஜம்புலிங்கம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரிமோட்டைத் தட்டினார். கபடி சேனல் இல்லை. அதற்கு முந்தின சேனல் இருந்தது, பிந்தின சேனல் இருந்தது, அது மட்டும் இல்லை. சிவகாமியும் சாதிகாவும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் மெனுவுக்குள் புகுந்து ஒன்று, இரண்டு, ஐந்து, சைபர் என்று அமுக்கினார். 'தவறான எண். இன்னும் இரண்டு வாய்ப்புகள் மட்டுமே உள்ளன' என்றது பெட்டி.

"என்னாங்க தேடுறீங்க?"

"கபடி... காணோம்."

"அடக் கடவுளே! தெக்கு காத்து அடிச்சிருக்கும்ங்க. மாடிக்குப் போயி டிஷ்ஷக் கொஞ்சம் திருப்பி வையுங்க."

காற்று இல்லை என்று சொன்னால் நேற்றைய காற்றும் இல்லாமல் போய்விடும். ஜம்புலிங்கம் ஏணி ஏறினார். ஆடாமல் அசையாமல் நின்ற டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வருதா?" என்றார் மேலிருந்து.

"இன்னும் கொஞ்சம் எடது பக்கம்!" என்றாள் கீழிருந்து.

டிஷ்ஷைத் தொடாமல், தான் மட்டும் இடது பக்கம் நகர்ந்தார்.

"இப்ப?"

"அப்படியே புடிச்சினு நில்லுங்க! வுட்டுடாதீங்க!"

நின்றார். கொசு கடித்தது. நின்றார். அப்போதுதான் ஜன்னல் வழியாக ஒரு சத்தம் மேலே ஏறி வந்தது. சீரியல் மருமகள் விக்கி விக்கி அழும் சத்தம். இரண்டு பெண்கள் 'உச்' கொட்டும் சத்தமும் கேட்டது. ஏணியில் பாதியைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தார்.

"சீரியல் எப்படி வந்துது?"

"வடக்கு காத்து திரும்பிடுச்சுங்க."

"சிவகாமி, பூட்டத் தொறந்துட்டியா?"

"எந்தப் பூட்டு?" என்று கேட்டுவிட்டு அவளாலேயே அடக்க முடியவில்லை. சாதிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "காத்து எப்படி சேனலத் தூக்குதுன்னு பாக்கலாம்னு நானும் அந்த மெனுவுக்குள்ள போனேன். நாலு நம்பரு கேட்டுது. நீங்க தூக்கத்துலகூட 'ஆயிரத்து இருநூத்தம்பது ஆச்சா'ன்னுதான கேப்பீங்க? போட்டேன். தொறந்துக்கிச்சு."

ஜம்புலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தாயே, மேட்சு பாதி போயிடுச்சு. தர்மராஜ் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? புது நம்பரச் சொல்லிடு."

"பெரிய நம்பரு ஒண்ணும் இல்லங்க. எங்கம்மா பொறந்த வருஷம்."

"அது எந்த வருஷம்?"

"அம்மா வாயாலயே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. குத்துமதிப்பாப் போட்டுடாதீங்க, இன்னும் ரெண்டு தப்புன்னா பெட்டியே பூட்டிக்கும்."

மீன் தலை ஒரு பக்கம், தர்மராஜின் கண்ணீர் ஒரு பக்கம். ஜம்புலிங்கம் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மாமியார் எடுத்தார்.

"அத்தே, நான்தான் ஜம்புலிங்கம். நல்லா இருக்கீங்களா?"

"யாரு, மாப்ளயா! எம்மேல கோவம் தீந்துதா சாமி?"

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தே. நீங்க... எந்த வருஷம் பொறந்தீங்க?"

போனுக்குள் யாரோ விக்கி விக்கி அழுதார்கள். மாமியார்தான் அழுகிறாரோ என்று ஜம்புலிங்கம் பதறிப்போனார். அப்புறம் கவனித்தார். தன் வீட்டு டி.வி.யிலும் அதே அழுகைதான்.

"அது ஆதாரு கார்டுல இருக்குது மாப்ள," என்றார் மாமியார், "சீரியலு முடியட்டும், எழுந்திரிச்சுப் பாத்துச் சொல்றேன்."