மாப்பிள்ளை மீனும் ஓடாத சைக்கிளும்

சம்பவம் நடந்தபோது நடுவட்டத்தில் எங்கள் எஸ்டேட் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், தங்கமீன்கள் ஐந்து. இல்லாதவர்கள்: மீன்களின் சொந்தக்காரரான எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அவரைக் கட்டிக்கொண்ட என் அக்கா கவிதா. இவர்களைத் தவிர, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கானோர் அந்தக் கண்ணாடித் தொட்டியில் குடியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரை இருந்தார்கள். அப்புறம் நான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன்.

மாப்பிள்ளைக்கு, அதாவது என் மாமாவுக்கு, குன்னூரில் வேலை. ஒரு மாதப் பயிற்சிக்குச் சென்னை போகச் சொல்லிவிட்டார்கள். அக்காவும் கூடக் கிளம்பினாள். மாமனார் வீடு இருக்கும்போது மீனுக்கு என்ன கவலை என்று தொட்டியை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார் மாமா. கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தொட்டில சைக்கிள் நல்லா ஓடிட்டிருக்குதுங்க. அதை மட்டும் கெடுத்துராதீங்க."

மூன்று பேரும் பயபக்தியோடு தலையாட்டினோம். (மாப்பிள்ளையிடம் 'அப்படின்னா என்னங்க?' என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.) ஜீப் வளைவில் மறைந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, இந்த மேட்டுல மனுசனே சைக்கிள் ஓட்ட முடியாது. மீனு எப்புடிடா ஓட்டுது?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். 'தெரியாது' என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. குமிழி விட்டுக்கொண்டிருந்த மோட்டாரைக் காட்டி, "அதுதானுங்கப்பா. அதை நிறுத்தக் கூடாதுங்கறாரு" என்றேன்.

அம்மாவுக்கு அவை மீன்களே அல்ல. சம்பந்தி வீட்டு விருந்தாளிகள். மாமா கொடுத்த தீவனத்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இத்தனூண்டுல என்ன பசி அடங்கும்? மாப்பிள்ளை மீனு நம்ம ஊட்டுல பட்டினி கெடந்துச்சுன்னா நாளைக்குக் கவிதாவைத்தான் பேசுவாங்க. கல்யாணமாயி முழுசா ஒரு வருசங்கூட ஆகலை."

ஆகவே மீன்களுக்கு இட்லி விழுந்தது. அவித்த முட்டையின் மஞ்சள் கரு விழுந்தது. தலை வீங்கிய பெரிய மீனுக்குப் 'பெரியவரு' என்று பெயர் வைத்து, "இன்னுங் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று மறுசோறு வேறு.

மாப்பிள்ளை வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும், குத்துவிளக்குக்குப் புளி ஏறும். தொட்டியை மட்டும் அப்படியே விடுவோமா? அவர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்சு சாக்கடையிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வெந்நீரில் அதை ஊறவைத்து, துவைத்து, அலசிப் பிழிந்தேன். கூழாங்கற்களைக் கொதிக்க வைத்தேன். தண்ணீர் மொத்தத்தையும் மாற்றினேன். (சைக்கிளைக் கெடுக்கக் கூடாதே என்று மோட்டாரை மட்டும் தொடவில்லை.) தொட்டி பளிங்காக நின்றது.

"படிச்ச புள்ளை கை வெச்சா அதுவே தனி" என்றார் அம்மா.

இரண்டு மூன்று நாளில் தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல ஆனது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாவம், வாயத் தொறந்து சோறு கேக்குது" என்று அம்மா இன்னொரு இட்லியை உதிர்த்தார்.

மறுநாள் காலை ஒன்று மல்லாந்து மிதந்தது. அப்பா தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றினார். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மாமாவைப் போனில் அழைத்தேன்.

"மாமா, சும்மா பொது அறிவுக்குக் கேக்கறேனுங்க. மீனு மேல வந்து வாயைத் தொறந்தா என்னங்க அர்த்தம்?"

மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "தம்பி, ஸ்பாஞ்சைக் கழுவுனீங்களா?"

"லேசாங்க மாமா."

"எதுல?"

"ப்ளீச்சிங் பவுடர்ல."

"அடக் கடவுளே! பாக்டீரியா அத்தனையும் அதுலதானுங்க இருந்துச்சு. மீனோட கழிவு அம்மோனியா ஆகும். அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கறது அதுகதான். நைட்ரஜன் சைக்கிள்! நீங்க சயின்ஸ்தானே படிச்சீங்க?"

செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது. நான் தமிழ் வழியில் படித்தவன். நைட்ரஜன் சுழற்சி என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் ஒப்பித்திருப்பேன். மின்னல், மாடு, அவரை வேர் எல்லாம் போட்டு நான் வரைந்த படத்தை வாத்தியார் அடுத்த வகுப்புக்கும் கொண்டுபோய்க் காட்டினார். சுழற்சிக்கு முழு மதிப்பெண் வாங்கியவன், சைக்கிளைக் கொன்றிருந்தேன்.

"தீனி போடறதை நிறுத்துங்க. தெனமும் கொஞ்சம் தண்ணி மாத்துங்க. நல்லா ஓடற தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்சு வாங்கிப் போடுங்க" என்றார் மாமா. கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை எங்கம்மாவும் கூட வர்றாங்க. அதுக மேல அவங்களுக்கு உசுரு."

அடுத்த பஸ்ஸில் ஊட்டிக்கு ஓடினேன். வரவேற்பறையில் பெரிய மீன்தொட்டி வைத்திருந்த ஒரு லாட்ஜுக்குள் நுழைந்தேன்.

"ஏனுங்க, உங்க தொட்டி அழுக்கு கொஞ்சம் கெடைக்குமுங்களா?"

வரவேற்பு மேசையில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன வேணுமுங்க?"

"அழுக்குங்க. எவ்வளவு கறுப்போ அவ்வளவு நல்லதுங்க."

"உங்களுக்கு ரூம் வேணுமுங்களா, டாக்டர் வேணுமுங்களா?"

நான் அழுதுவிடுவேன் என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரு ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பாதி வழியில் எழுந்து, நின்றுகொண்டே வந்தார்.

ஞாயிறு. சம்பந்தியம்மா வந்து செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டிக்குப் போனார். பெரியவர் சோர்ந்திருந்தாலும் நீந்திக்கொண்டிருந்தார். அந்தம்மாவின் விரல் ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டு போய் நின்றது.

"அஞ்சு இருந்துச்சே. இன்னொண்ணு எங்கீங்க?"

அக்காவின் முகம் வெளுத்தது. மாமா கூரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத அப்பா தொண்டையைச் செருமினார்.

"அதுங்களா... சைக்கிள்ல போயிருச்சுங்க."

மாமாதான் முதலில் வெடித்தார். சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விஷயத்தைக் கறந்துகொண்டார்.

"மீனைக் கொன்னதும் இல்லாம நக்கலு வேறயா, சம்பந்தி!" என்றவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இன்றைக்கும் விசேஷத்துக்கு யாராவது வரவில்லை என்றால் இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான்: 'சைக்கிள்ல போயிருக்குது.'

சிரிக்காதவர் அம்மா மட்டும்தான். பெண்ணைக் கொடுத்த வீடு, மீனைக் கொன்றதோடு நிற்பதா? தீபாவளிச் சீரில் பட்டுச்சேலையோடு பெரிய மீன்தொட்டி ஒன்றும் போனது, கண்ணாடியில் மஞ்சள் குங்குமம் வைத்து. கடைக்காரர் சொன்னது பதினோராயிரம். சீரை மொட்டைத் தொகையாகக் கொடுக்கக் கூடாது என்று, வேண்டாம் வேண்டாம் என்ற கடைக்காரர் கையில் அம்மா ஒரு நாணயத்தைத் திணித்துவிட்டு வந்தார்.

மொத்தம் பதினோராயிரத்து ஒரு ரூபாய்.