கிடாருக்குத் துக்கம் எடுத்த மகான்

இரவெல்லாம் பாடும் அமெரிக்க நகரமான நாஷ்வில்லில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிடார்காரன் ஒருவன் விழித்திருந்தாலே அது அற்புதம். அப்படிப்பட்ட ஊரில், மூடிக் கிடந்த ஒரு டயர் கடையின் வாசலில் நூறு பேர் பெட்டியும் கையுமாக வரிசை கட்டி நின்றார்கள் என்றால், உள்ளே இருந்தவர் சாமானியராக இருக்க முடியுமா?

அவர் பெயர் பிரதர் ஆர்வில் ஸ்டாம்ப்ஸ். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வெள்ளை பூட்ஸ். உள்ளே என்ன நிறம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

பிரதரின் கண்டுபிடிப்பு இதுதான். கெட்டிக் கட்டையில் செய்த பழைய எலெக்ட்ரிக் கிடார் கனப்பது மரத்தால் அல்ல, துக்கத்தால். ஓடிப்போன மனைவி பாட்டு, செத்துப்போன நாய் பாட்டு, ஜெயிலுக்குப் போன அப்பன் பாட்டு என்று காலமெல்லாம் வாசித்த சோகம் கட்டைக்குள் ஊறிக் கிடக்கிறதாம். அவர் கை வைத்து அதை வெளியே எடுத்துவிட்டால் கிடார் பூவாகிவிடுமாம். வயிற்றில் சிக்கியதை வெளியே எடுப்பதாகச் சொல்லிக் குழந்தைக்குத் தொக்கம் எடுப்பார்கள் அல்லவா? இவர் கிடாருக்குத் துக்கம் எடுத்தார்.

வரிசையில் கொரின் டாக்கெட்டும் நின்றாள். பிராட்வே தெருவில் ஹாஸ்கலின் மதுக்கடையில் முன்னணிக் கிடார் அவள்தான். தினமும் நான்கு மணி நேரம், நின்றபடியே வாசிப்பு. தோளில் தொங்குவது பன்னிரண்டு பவுண்டு. ஒரு கைக்குழந்தையைத் தோல்பட்டையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஆடிப் பாடுவதற்குச் சமம். விளைவு, இடது தோள் செத்துக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போய், போன வாரம் கூட்டம் நிறைந்த நேரத்தில் தனி வாசிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"கொரின், கோச்சுக்காத. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டான் ஹாஸ்கல்.

"கிடார மாத்துங்க, இல்லாட்டி தொழில மாத்துங்க" என்றார் டாக்டர்.

லேசான கிடாரா? அதற்குப் பதில் பாவாடை கட்டிக் கரடியோடு ஆடலாம் என்று நினைத்தாள் கொரின். கனமான கிடாரில்தான் கனமான நாதம் வரும், லேசானதெல்லாம் பொம்மை என்பது பிராட்வேயின் வேதம். அவளே அதை ஊருக்கெல்லாம் ஓதியவள். அதனால்தான் கிடாரை மாற்றாமல் கனத்தை மட்டும் மாற்றித் தரும் மகானிடம் வந்தாள்.

"போகாத. உனக்கு வேண்டியது லேசான கிடாரு. லேசான மண்டை இல்ல" என்றான் வெண்டெல். அவர்கள் குழுவின் பேஸ் கிடார்காரன். மேடையில் இல்லாத நேரம் ஏரியில் தூண்டிலோடு இருப்பான். பிடித்த மீனைப் பற்றி அவன் அளந்த பொய்யைத் தாங்க முடியாமல், குழுவே சேர்ந்து அவனுக்குக் கொக்கித் தராசு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தது.

கொரின் கேட்கவில்லை. போனாள்.

உள்ளே இரண்டு தொண்டர்கள் அவள் தோளில் தரைவரை தொங்கும் வெள்ளை அங்கி ஒன்றைப் போர்த்தினார்கள். அதற்கு மனத்தாழ்மையின் அங்கி என்று பெயர். பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் துக்கம் பக்கத்தில் நிற்பவர் மேல் ஏறிக்கொள்ளுமாம். பிரதர் மூடிய பெட்டிமேல் கை வைத்துக் கண்ணை மூடினார்.

"சகோதரி... ஒரு ஆம்பள உங்கள விட்டுட்டுப் போயிருக்கான்."

நாஷ்வில்லில் ஒரு பாடகியிடம் இதைச் சொல்வது, ஆற்றில் நிற்கிறவனிடம் உன் கால் நனைந்திருக்கிறது என்று சொல்வதைப் போல. ஆனாலும் கொரின் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

அரை மணி நேரம் பாட்டு, கைதட்டல், அல்லேலூயா. அங்கியைக் கழற்றினார்கள். கிடாரை எடுத்துத் தோளில் மாட்டினார்கள்.

"ஐயோ! பஞ்சு மாதிரி இருக்கு!" என்று கத்தினாள் கொரின். கூட்டம் ஆரவாரித்தது. காணிக்கை வாளி ஒரு சுற்றுப் போய்வந்தது.

அன்று மாலை இரண்டாவது மணி நேரத்தில் தோள் பழையபடி எரிந்தது. மறுவாரம் ஓடினாள்.

"சோகப் பாட்டு வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன் பிரதர்."

"அப்புறம் நெறையாம என்ன செய்யும்? வாராவாரம் வாங்க. அதுவரைக்கும் சந்தோஷமாவே வாசிங்க."

நாட்டுப்புறப் பாட்டில் சந்தோஷத்துக்கு எங்கே போவது? தேடித் தேடி வாசித்தார்கள். லாரி நன்றாக ஓடியது, மனைவி வீட்டிலேயே இருந்தாள், நாய் நீடூழி வாழ்ந்தது. மதுக்கடையில் ஈ ஓட்டினார்கள். விவாகரத்து முடிந்த கையோடு அலபாமாவிலிருந்து வந்திருந்த ஒருவன் மேசையைத் தட்டினான்.

"ஏம்மா, நிம்மதியா உக்காந்து அழலாம்னு அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வந்திருக்கேன். என்னைச் சிரிக்கச் சொன்னா எப்படி?"

ஹாஸ்கல் பல்லைக் கடித்தான். இடைவேளையில் வெண்டெல் தராசைக் கொண்டுவந்து, கொரினின் கிடாரைக் கொக்கியில் மாட்டினான்.

"பாரு. பன்னெண்டு. பிரதர்கிட்ட போறதுக்கு முன்னாடி நிறுத்தப்பவும் பன்னெண்டுதான்."

"துக்கத்த மீன் தராசுல நிறுக்க முடியுமாடா?"

"துக்கத்த யாரு நிறுத்தா? உன் தோள்ல தொங்கறது கிடாரு. அத நிறுத்தேன்."

கொரினுக்குக் கோபம் வந்தது.

"அப்ப என் தோளு பொய் சொல்லுதா? லேசா இருந்துச்சுடா, சத்தியமா!"

"இருந்திருக்கும். அதுக்கு முன்னாடி தோள்ல என்ன இருந்துச்சு?"

கொரின் தோளைத் தடவிப் பார்த்தாள். அந்த அங்கி தோளை அழுத்து அழுத்தென்று அழுத்தியது நினைவுக்கு வந்தது. அதைப் பக்தி என்றல்லவா நினைத்திருந்தாள்! விரல் போய்விடுமோ என்ற பயத்தில், யாரோ போர்த்திய துணியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் நின்றிருக்கிறாள். முகம் சிவந்தது.

"வெண்டெல், உன் ஐஸ் பெட்டியில பெரிய மீன் ஏதாச்சும் இருக்கா?"

"ஒரு கெளுத்தி இருக்கு. எதுக்கு?"

"பன்னெண்டு பவுண்டு தேறுமா?"

வெண்டெல் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

சனிக்கிழமை கொரினின் பெட்டி பிரதர் முன்னால் இருந்தது. அங்கி அவள் தோளில். வெண்டெல் தராசோடு கூட்டத்தில் நின்றான். பிரதர் கை வைத்தார். முகம் சுருங்கியது.

"சகோதரி, இந்தத் தடவ துக்கம் ரொம்ப ஆழத்துல இருக்கு. பழைய பாட்டு ஒண்ணு உள்ள சிக்கிட்டு அழுவுது."

"வேற என்ன தெரியுது பிரதர்?"

"குளிருது. தனிமை! இது ஆயிரம் மேடை பாத்த கிடாரு. மறுபடியும் பாடணும்னு ஏங்குது."

அரை மணி நேரம் ஆனது. பிரதர் வியர்த்து நின்றார்.

"போயிடுச்சு! ஒரு சொட்டு இல்ல!"

"நல்லாத் தெரியுமா? உள்ள இருக்கறது என் கிடாரோட சுத்தமான ஆத்மா மட்டுந்தான?"

"சத்தியம், சகோதரி!"

கொரின் பெட்டியைத் திறந்தாள். மீசை வைத்த கெளுத்தி ஒன்று, பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே வாயைப் பிளந்தபடி கூட்டத்தைப் பார்த்தது.

முன்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"வாயத் தெறந்துதான் இருக்கு. கொஞ்சம் பொறுங்க, பாடும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பிரதர் லேசுப்பட்டவரா? கையை உயர்த்தினார்.

"சாத்தான்! கிடார மீனா மாத்திட்டான்!"

"ஆமென்!" என்றார்கள் ஏழெட்டுப் பேர். ஆம், சொன்னார்கள். மீன் கண்ணெதிரே கிடந்தது, அப்போதும் சொன்னார்கள்.

கொரின் அங்கியைக் கழற்றி வெண்டெலின் தராசுக் கொக்கியில் மாட்டினாள். முள் முப்பதைத் தாண்டிப் போய் நின்றது. வெண்டெல் மீன் கத்தியால் ஓரத் தையலைக் கீறினான். ஈயக் குண்டுகள் கொட்டி, சிமெண்டுத் தரையில் நாலா பக்கமும் உருண்டன.

"இதத்தான் நான் தூண்டில்ல கட்டுறேன். நான் மீனப் புடிக்கிறேன், இவரு உங்களப் புடிக்கிறாரு" என்றான் வெண்டெல்.

ஆமென் சொன்னவர்களில் பருமனான ஒருவர் இன்னும் முறைத்துக்கொண்டு நின்றார். கொரின் தையல் பிரிக்காத இன்னொரு அங்கியை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"கொஞ்ச நேரம் நில்லுங்க."

நின்றார். தோள் தொங்கிப்போனது. அங்கியை உருவிவிட்டு, அவர் கையில் கெளுத்தியைக் கொடுத்தாள்.

"எப்படி இருக்கு?"

அவர் மீனைத் தூக்கிப் பார்த்தார். இறக்கிப் பார்த்தார். "லேசா... ரொம்ப லேசா இருக்கும்மா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் பிரதர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அவசரத்தில் தொப்பியை விட்டுவிட்டார். வாளியை மறக்கவில்லை.

அன்று மத்தியானமே கொரின் தன் பழைய கிடாரோடும் வெண்டெலோடும் கிடார் கடைக்குப் போனாள். உள்ளே வெற்றிடமாகக் குடைந்து, லேசான மரத்தில் செய்த கிடார் ஒன்றை வெண்டெல் எடுத்தான். ஏழு பவுண்டு. கொரின் உதட்டைப் பிதுக்கினாள்.

"பொம்மை."

"சுவரப் பாத்துத் திரும்பி நில்லு. ரெண்டையும் வாசிக்கிறேன். எது உன்னோடதுன்னு சொல்லு."

திரும்பி நின்றாள். அவன் ஒன்றை வாசித்தான். மற்றொன்றை வாசித்தான்.

"ரெண்டாவது! இதுக்குப் போயி சோதனையா? அந்தக் கனத்தக் கேட்டியா? அது என் கிடாருடா!"

திரும்பினாள். வெண்டெலின் தோளில் தொங்கியது பொம்மை.

கொரின் அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். தந்திகளை ஒருமுறை மீட்டிப் பார்த்தாள்.

"ஸ்டாம்ப்ஸ் எனக்கு அங்கி போட்டது இந்த மாசந்தான். கனம் இருந்தாத்தான் நாதம்ங்கற இன்னொரு அங்கிய நானே இருபது வருஷமா போட்டுட்டு இருந்திருக்கேன், இல்ல?"

"அதுவும் ஈயந்தான்" என்றான் வெண்டெல்.

அன்று மாலை ஹாஸ்கலின் கடையில் மனைவிகள் ஓடிப்போனார்கள், நாய்கள் செத்தன, ஜனங்கள் திருப்தியாக அழுதார்கள். நான்காவது மணி நேரத்திலும் கொரினின் விரல்கள் தந்திகளைத் தேடிப் பிடித்தன. மரத்துப்போன இரண்டும் முழுதாகத் திரும்ப இன்னும் நாளாகும் என்றார் டாக்டர். திரும்பும் என்றும் சொன்னார்.

பிரதரோ இப்போது மெம்ஃபிஸில் இருக்கிறாராம். அங்கே பியானோக்களுக்குத் துக்கம் எடுக்கிறாராம். வரிசை தெருமுனை வரை நிற்கிறதாம்.

கிடாருக்குள் வெற்றிடம் இருந்தால் தோளுக்கு நல்லது. தலைக்குள் இருந்தால் ஸ்டாம்ப்ஸுக்கு நல்லது. உங்களிடம் அது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள்.