டினேஷின் படகும் எங்கள் தூரநோக்கும்

உலகத் திருச்சபையின் வரலாற்றை எவராவது நேர்மையாக எழுத முன்வந்தால், எருசலேமுக்கு அடுத்தபடியாக அவர் திருகோணமலைக்குத்தான் வந்து இறங்க வேண்டும். எங்கள் நங்கூரத் திருச்சபையின் பின்மண்டபத்தில், சுழலாத மின்விசிறிக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் கதிரைகளில் அமர்ந்து, இந்தப் புத்தாண்டில் நாங்கள் செய்த காரியம் அப்படிப்பட்டது. நாங்கள் எங்கள் 'அருட்பணி'யை மீண்டும் கண்டெடுத்தோம்.

அதுவரை எங்களிடம் அருட்பணி என்று ஒன்றும் இருக்கவில்லை. யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் போய்ப் பார்ப்போம். வெள்ளம் வந்தால் சமைத்துக்கொண்டு போவோம். செத்த வீட்டுக்குக் கதிரை தூக்குவோம். எல்லாம் ஒரு திட்டமுமில்லாமல் மனம்போன போக்கில் நடந்து வந்தன. இந்த அவல நிலையைக் கண்டுபிடித்தவர் சபைச் செயலாளர் ஜெபரட்ணம். மார்கழியில் கொழும்பில் ஒரு செயலமர்வுக்குப் போனவர், கழுத்தில் பெயர் அட்டையுடன் திரும்பி வந்தார். அந்த அட்டை கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் ஆராதனையிலும் அவர் கழுத்தில்தான் இருந்தது.

"எங்களுக்குத் தூரநோக்கு இல்லை," என்றார் கூட்டத்தில்.

"எனக்குக் கிட்டவும் சரியாத் தெரியிறேல்லை," என்றார் போதகர். அவருக்குக் கண் சத்திரசிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

"பணிக்கூற்று எழுதி முடியுமட்டும் ஆரும் ஒரு பணியும் செய்யக் கூடாது. நோக்கமில்லாமல் செய்தால் அது வெறும் உதவி!"

மண்டபம் அதிர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவது அன்றே 'தற்காலிகமாக' நிறுத்தப்பட்டது. நோயாளிகள் பொறுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. பணிக்கூற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கடிதம் எழுதியே ஓய்வுபெற்றவன். எந்த எளிய விசயத்தையும் எவருக்கும் விளங்காதபடி எழுத என்னால் முடியும் என்பதைச் சபை அறியும். 'கரையோர மக்களை நோக்கிய, அன்பை மையப்படுத்திய, பங்கேற்புடன் கூடிய நிலைபேறான அணுகுமுறை' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரையில் பாட்டு வரிகளைப் போடுகிற அஞ்சலினா மட்டும் கையை உயர்த்தினாள். நல்ல பிள்ளை, ஆனால் அனுபவம் குறைவு.

"கரையோரச் சனத்திட்டைப் போறதெண்டால் நிலாவெளி பஸ்ஸில போகலாமே, அங்கிள்?"

"போறது கடைசிக் கட்டம், பிள்ளை," என்றார் ஜெபரட்ணம். "முதலாவது கட்டம் சின்னம்."

சின்னம் என்ன என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆண்டவரே ஒரு மீனவனுடைய படகில் ஏறி அமர்ந்து கரையிலிருந்த சனத்துக்குப் போதித்தவர். ஆகவே பிரசங்க பீடத்தை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ஓர் உண்மையான படகை வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எங்கள் சபையில் கடலைத் தினமும் பார்ப்பவர்கள் பலர். அதில் இறங்குபவன் ஒருவன்தான். அவன் சாம்பல்தீவு டினேஷ்.

தை மாதம். வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. டினேஷின் நீலநிறப் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் போய்க் கேட்டோம். டினேஷ் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"சும்மா கிடக்கிற போட்தானே, கொண்டு போங்கோ. கடல் அடங்கின உடனை தந்தாச் சரி."

"எப்ப அடங்கும்?" என்றேன், திட்டமிடும் நோக்கில்.

"மாசிக் கடைசியில அடங்கிடும். பிறகு சோளகக் காத்து முடியுமட்டும் எங்களுக்குச் சாப்பாடு அதிலதான்," என்றாள் அவன் மனைவி சீலா. தேத்தண்ணி கொடுக்கும்போதே அவள் இதைத் திரும்பவும் ஒரு தடவை சொன்னாள். விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

கிண்ணியா ஸெய்னுதீனின் லொறியில் படகு ஊர்வலமாக வந்தது. வாசலுக்குள் நுழையாததால் ஆலயக் கதவுகளைக் கழற்றினோம். அதற்கு முன் அந்தக் கதவுகளைக் கழற்றியது ஒரு சூறாவளி மட்டும்தான். படகை இறக்கி வைத்துவிட்டு ஸெய்னுதீன் வியர்வையைத் துடைத்தார்.

"திரும்ப ஏத்துறதுக்கு எப்ப வரட்டும்?"

"அதுக்கு ஒரு தீர்மானம் எடுத்து அறிவிப்பம்," என்றார் ஜெபரட்ணம்.

"போட்டுக்கு என்னத்துக்குத் தீர்மானம்? கடல் சரியானால் ஏத்துறதுதானே," என்றார் ஸெய்னுதீன். அவர் எந்தச் செயலமர்வுக்கும் போகாதவர்.

முதல் ஞாயிறு போதகர் படகை ஆசீர்வதித்தார். இந்த இடத்தில் ஒரு சிறிய முறைமைக் கோளாறு நிகழ்ந்தது. படகுகளை ஆசீர்வதிக்க ஒரு ஜெபம் உண்டு. வருடாவருடம் கடற்கரையில் நின்று வாசிப்பது. ஆனால் இந்தப் படகு கடற்கரையில் இல்லை, ஆலயத்தில் இருந்தது. ஆலயத்துக்குள் வருகிற பீடம், மணி, தளபாடம் எல்லாவற்றுக்கும் வாசிக்கிற பிரதிஷ்டை முறைமை வேறு. கண் தெளிவில்லாத போதகர், பழகிய பக்கத்தைப் புரட்டி, பழகிய குரலில், அந்தப் படகைச் 'சகல உலக உபயோகங்களினின்றும் என்றென்றைக்குமாகப் பிரித்தெடுத்து' முடித்தார்.

டினேஷ் புதுச் சேட்டுடன் முன்வரிசை வாங்கில் பூரித்துப்போய் இருந்தான். சீலா அவன் காதருகே குனிந்து முணுமுணுத்தது பின்னால் அடுத்த வாங்கில் இருந்த எனக்கும் கேட்டது.

"என்னப்பா, உலக உபயோகமெண்டால் மீன்பிடியும் சேருமோ?"

"சும்மா இரு, ஜெபம் நடக்குது."

அதன்பின் எங்கள் சபை அடைந்த வளர்ச்சியைச் சொல்லி மாளாது. போதகர் படகில் நின்று பிரசங்கித்தார். பிரசங்கம் முன்பைவிட இருமடங்கு நீண்டது. ஏறுவது அவ்வளவு கஷ்டமென்றால் இறங்க யாருக்குத்தான் மனம் வரும்? வேறு சபையார் வந்து படகின் முன் நின்று படம் எடுத்தார்கள். பிறந்தநாள் பிள்ளைகளை அதில் ஏற்றி வாழ்த்தினோம். கரையோர மக்களிடம் மட்டும் இன்னும் போகவில்லை.

மாசி கடைசியில் கடல் அடங்கியது. டினேஷ் வந்தான்.

"அங்கிள், ஸெய்னுதீன் நானா நாளைக்கு லொறியோட வாறன் எண்டவர்."

"என்னத்துக்குத் தம்பி?"

"போட்டுக்கு."

"எந்தப் போட்?"

"என்ர போட்."

ஜெபரட்ணம் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார். "தம்பி, அது பிரதிஷ்டை செய்த பீடம். இனி அதில மீன் ஏற ஏலாது."

டினேஷ் முதலில் சிரித்தான். பகிடி என்று நினைத்துவிட்டான் போலும். அவசரக் கூட்டம் கூட்டப்பட்டதும்தான் சிரிப்பு நின்றது. போதகருக்கு உள்ளூரச் சங்கடம். முறைமைப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் புரட்டினார். பிரதிஷ்டை செய்ய எத்தனையோ ஜெபங்கள் இருந்தன. செய்ததைக் கழற்ற ஒன்றுமில்லை.

"நான்தான் பக்கத்தை மாறி வாசிச்சிட்டன் போல," என்றார் மெதுவாக.

"ஐயா, ஆவியானவர் வழிநடத்தியிருக்கிறார். பிழையெண்டு சொல்லாதேங்கோ," என்று ஜெபரட்ணம் அவரைத் தேற்றினார். 'பிரதிஷ்டை நீக்கம் தொடர்பான உபகுழு' அங்கேயே அமைக்கப்பட்டது. டினேஷின் கோரிக்கை 'அனுதாபத்துடன் கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது' என்று நானே எழுதினேன். கச்சேரியில் அந்த வசனத்தைப் பெற்றவர்கள் எவரும் திரும்ப வந்ததில்லை.

டினேஷ் திரும்ப வந்தான்.

"அங்கிள், ஆண்டவரும் போட்டை இரவல்தான் வாங்கினவர். பேசி முடிச்ச உடனை திருப்பிக் குடுத்தவர். அதுவும் போட் நிறைய மீனோட குடுத்தவர்."

"அப்ப செயலமர்வுகள் இல்லைத் தம்பி," என்றார் ஜெபரட்ணம்.

எதிர்பாராத வேத அறிவை மெச்சி அடுத்த ஞாயிறு டினேஷுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவன் அதைத் தோளில் போட்டபடி தன் படகையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற சீலாவுக்குப் பொறுக்கவில்லை.

"பொன்னாடையை வீசி மீன் பிடிக்க ஏலுமே, அங்கிள்? எஞ்சின் குசினிக்குள்ள அடுப்புக்குப் பக்கத்தில கிடக்குது. அதை மட்டும் கடல்ல விடவே?"

ஜெபரட்ணத்தின் முகம் பிரகாசித்தது. "எஞ்சினையும் கொண்டு வாங்கோ, பிள்ளை. பின்பக்கம் பூட்டுவம். அப்பதான் சின்னம் முழுமையாகும்."

இப்படியான தெளிவு எத்தனை தலைவர்களுக்கு வாய்க்கும்? எனக்கு மெய்சிலிர்த்தது. சீலா புருசனைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த இருவரையும் அதன்பின் ஆராதனையில் காணவில்லை.

இதற்கிடையில் எங்கள் இரண்டாம் கட்டம் தடுமாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் கட்டம் என்பது 'தொலைந்த ஆடுகளைத் தேடிக் கண்டடைதல்'. ஆடுகள் கிடைப்பதில்தான் சிக்கல். சந்தியில் நின்று கேட்டுப் பார்த்தோம். சிலர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், சிலர் பள்ளிவாசலுக்கு, சிலர் வேலைக்கு. நிலாவெளியில் ஒரு வெள்ளைக்காரரிடம் "நீங்கள் வழிதவறிவிட்டீர்களா?" என்று அஞ்சலினாவைக் கேட்கவைத்தோம். அவர் கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து, தான் நிற்கும் இடத்தைக் காட்டினார். தொலைந்தவர் என்று சொல்ல இந்த மாவட்டத்தில் ஒருவருமில்லாத பரிதாபம்.

அப்போதுதான் டினேஷ் இருந்த முன்வரிசை வாங்கு வெறுமையாயிருப்பதை ஜெபரட்ணம் கவனித்தார்.

"கிடைச்சிட்டுது!" என்றார்.

மறு சனிக்கிழமையே, ஆட்டின் படம் போட்ட சேட்டுகள் அணிந்து, வான் ஒன்றில் சாம்பல்தீவுக்குப் புறப்பட்டோம். சீலா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். சேட்டில் இருந்த ஆடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உங்களைத் தேடித்தான் வந்தனாங்கள்," என்றார் ஜெபரட்ணம் தழுதழுத்து.

"நாங்கள் எங்கையும் போகேல்லையே. வீடு இருந்த இடத்திலதான் இருக்கு."

"தம்பி எங்க?"

"இறக்கக்கண்டியில. வேறை ஆக்களின்ர போட்டில கூலிக்குப் போறார். விடியப் போனால் முதலாளி விடுற நேரம்தான் வீடு. ஞாயிறும் இல்லை, பெருநாளும் இல்லை. பிடிக்கிற மீனில ஒரு மீனை என்ர எண்டு சொல்ல ஏலாமல் வாறார். முந்தி கடலால வந்தால் வாய் ஓயாது கதைப்பார் அங்கிள். இப்ப வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுக்கிறார்."

அவள் கண் கலங்கியிருந்தது. உடனே அவளுக்காக ஜெபித்தோம். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, எங்கள் புதிய துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தோம். அதன் முன்பக்கம் முழுவதும் படகின் வண்ணப்படம். அதை அவள் ஈரக் கையோடு வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"வாற ஞாயிறு கொழும்பிலயிருந்து பெரிய ஐயா வாறார்," என்றாள் அஞ்சலினா. "போட்டில நிண்டு பிரசங்கம் பண்ணுவார். வாங்கோ அக்கா."

"நிச்சயமாப் போட்டிலதான் நிப்பாரோ?"

"ஓம் அக்கா."

"அப்ப வாறன்."

வானில் திரும்பும்போது நாங்கள் பாட்டுப் பாடினோம். ஆடு வருவதாகச் சொல்லிவிட்டது!

அந்த ஞாயிறு ஆலயம் நிரம்பி வழிந்தது. காலையில் போனபோது வாசல் கதவுகள் கழற்றிச் சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தன. விருந்தினர் வருகிறார் என்று யாரோ காற்றோட்டத்துக்குச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்தோம். எல்லாச் சபைகளுக்கும் தலைவரான எங்கள் பெரிய ஐயா உயரமான, கம்பீரமான மனிதர். படகில் ஏறி நின்று, அதன் விளிம்பைத் தட்டித் தட்டிப் பேசினார். இப்படியொரு சின்னத்தைத் தன் ஊழிய காலத்தில் கண்டதில்லை என்றார். ஜெபரட்ணம் அட்டையை மறுபடியும் அணிந்திருந்தார். பேச்சின் நடுவே பெரிய ஐயா நிறுத்தினார்.

"இவ்வளவு பெரிய தியாகத்தைச் செய்த சகோதரனை நான் கையைப் பிடித்து வாழ்த்த வேண்டும். இந்தப் படகைத் தந்தவர் எங்கே?"

ஜெபரட்ணம் எழுந்தார். "அவரைத்தான் ஐயா தேடிக்கொண்டிருக்கிறம். இந்த வருசம் தொலைஞ்ச ஆடு அவர்தான்."

"அடடா. எங்கே போய்விட்டார்?"

"கடலுக்குப் போறார் ஐயா. வேறை ஆக்களின்ர போட்டில, கூலிக்கு."

"ஏன், அவருக்குச் சொந்தப் படகு இல்லையா?"

பிரசங்கத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு எங்கள் சபையில் யாரும் பதில் சொல்வதில்லை. ஆனால் பின்வரிசை வாங்கில் சீலா எழுந்து நின்றாள்.

"இருக்குது ஐயா. நீங்கள் நிக்கிறது அதிலதான். கொஞ்சம் இறங்கினீங்கள் எண்டால் நாங்கள் ஏத்திக்கொண்டு போயிடுவம். லொறி வெளியில நிக்குது."

பெரிய ஐயா தன் காலடியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், ஒவ்வொரு வாங்காக.

"இவ சொல்றது உண்மையோ?"

இத்தனை காலம் ஆராதனையில் பழுத்த சபை. பீடத்திலிருந்து குரல் கொஞ்சம் உயர்ந்தால் எங்கள் வாயில் தானாக வருவது ஒன்றுதான். ஜெபரட்ணம் உட்பட எல்லோரும், ஒரே குரலில், "ஆமென்" என்றோம்.